ஜெபக்கூட்டமும் எழுப்புதலும்

கிறிஸ்தவ சபைகளில் எழுப்புதல் என்று சொல்லப்படுவது புதிதாக ஆள் சேர்க்கும் முயற்சி அல்ல. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய், காணிக்கை போட்டு, ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் திருமணமும் முறைப்படி முடித்துக்கொண்ட கிறிஸ்தவர்களின் விசுவாசம் மறுபடி உயிர் பெறுவதே எழுப்புதல். அது ஒரு வீட்டோடு நின்றுவிடலாம். ஒரு மாவட்டம் முழுக்கப் பரவவும் செய்யலாம். பேர்பெற்ற பிரசங்கி யாரும் இல்லாமல் தொடங்கிய எழுப்புதல்கள் உண்டு. கட்டடமோ பாடகர் குழுவோ பணமோ இல்லாமல் தொடங்கியவையும் உண்டு. ஜெபம் இல்லாமல் தொடங்கிய ஒன்றைக் காட்டுவதுதான் கடினம்.

இதற்கு வேதாகமத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. பெந்தெகொஸ்தே நாளுக்கு முன்பு ஏறக்குறைய 120 பேர், பெண்களும் உட்பட, எருசலேமில் மேல்வீட்டறையில் தங்கி ஒருமனப்பட்டு ஜெபித்துக்கொண்டிருந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. எழுப்புதல் கூட்டங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் 2 நாளாகமம் 7:14, தாழ்மை, ஜெபம், தேவனைத் தேடுதல், பொல்லாத வழியை விட்டுத் திரும்புதல் என்ற நான்கையும் ஒன்றாகக் கட்டியே பேசுகிறது. இவற்றில் ஜெபத்தை மட்டும் பிரித்தெடுத்து, அதைச் செய்தால் எழுப்புதல் வந்துவிடும் என்று எண்ணுவது பழைய தவறு.

இறையியலாளர்களிடையே இதைப் பற்றி நீண்ட வாதம் நடந்திருக்கிறது. எழுப்புதல் முழுக்க முழுக்கக் கடவுளின் செயல், மனிதர் வரவழைக்கக்கூடியது அல்ல என்றார் 18-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் போதகர் ஜொனத்தன் எட்வர்ட்ஸ். உரிய வழிகளைச் சரியாகக் கைக்கொண்டால் எழுப்புதல் வரும் என்று நூறாண்டுக்குப் பின் வாதிட்டார் சார்ல்ஸ் ஃபின்னி. வேடிக்கை என்னவென்றால், இருவருமே விடாமல் ஜெபிக்கச் சொன்னவர்கள். எழுப்புதலுக்காகச் சபைகள் சேர்ந்து ஜெபிக்க வேண்டும் என்று 1747-இல் ஒரு நூலே எழுதியவர் எட்வர்ட்ஸ். தமிழகச் சபைகளில் இந்த இரண்டு எண்ணங்களும் இன்றுவரை அருகருகே வாழ்கின்றன.

உலக வரலாற்றில் பேசப்படும் ஜெப இயக்கங்கள் பலவற்றின் கிளை இந்திய மண்ணைத் தொட்டிருக்கிறது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில், தங்களுக்குள் பிணங்கிக் கிடந்த மொராவிய அகதிகள் 1727 ஆகஸ்டில் ஒப்புரவாகி, இரவும் பகலும் முறை வைத்து ஜெபிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சங்கிலி ஜெபம் நூறு ஆண்டு நீடித்ததாகச் சபை வரலாறு கூறுகிறது. அவர்களுக்கு இடம் கொடுத்த சின்சென்டார்ஃப் பிரபு, ஹாலே நகரில் மாணவராக இருந்தபோதே தரங்கம்பாடி மிஷனின் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். 1760-இல் மொராவியர் தரங்கம்பாடிக்கே வந்து குடியேறினார்கள். இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் வட்டாரத்து பாப்டிஸ்ட் சபைகள் 1784 முதல் மாதந்தோறும் எழுப்புதலுக்காகக் கூடி ஜெபித்தன. அதே வட்டத்திலிருந்துதான் 1792-இல் பாப்டிஸ்ட் மிஷனரி சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே அதன் மிஷனரி வில்லியம் கேரி வங்காளத்தில் வந்து இறங்கினார்.

1857 செப்டம்பரில் நியூயார்க்கில் ஜெரமயா லான்ஃபியர் என்பவர், கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் மதிய இடைவேளையில் வந்து ஜெபிக்கலாம் என்று அறிவித்தார். முதல் நாள் வந்தவர்கள் ஆறு பேர். சில மாதங்களில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் மதிய ஜெபக்கூட்டங்கள் நிரம்பி வழிந்தன. இதற்கு அடுத்த ஆண்டு பஞ்சாபின் லூதியானாவில் இருந்த மிஷனரிகள், 1860 ஜனவரியில் ஒரு வாரத்தை உலகெங்கும் உள்ள கிறிஸ்தவர்கள் ஜெபத்துக்கென ஒதுக்க வேண்டும் என்று அழைப்பு விடுத்தார்கள். இங்கிலாந்தும் அமெரிக்காவும் அந்த அழைப்பை ஏற்றன. மேற்கிலிருந்தே எல்லாம் இங்கு வந்தது என்ற எண்ணத்துக்கு இது ஒரு நல்ல மறுப்பு. உலக ஜெப வாரம் இந்தியாவிலிருந்து புறப்பட்டது.

அந்த ஜெப வாரம் முடிந்து இரண்டு மாதம் ஆவதற்குள், திருநெல்வேலிச் சீமையில் தமிழகத்தின் முதல் பெரிய எழுப்புதல் தொடங்கியது. அதன் நடுவில் இருந்தவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். 1810-இல் பிறந்த அவர் பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். பிறகு அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயரோடு ஊழியம் செய்தவர். எந்த மிஷன் சங்கத்திலும் சம்பளத்துக்கு இருப்பதில்லை, தேவைகளைக் கடவுளிடம் மட்டுமே கேட்பது என்பது குரோவ்ஸின் கொள்கை. அருளப்பன் அதைத் தமிழ் ஊர்ப்புறத்தில் வாழ்ந்து காட்டினார். வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்டியன்பேட்டை என்ற ஊரை உண்டாக்கி, அங்கிருந்து சுற்று வட்டாரமெங்கும் நடந்தார்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த எழுப்புதல்களைப் பற்றி அருளப்பன் படித்தார். அப்படி ஒன்று தன் ஜனங்களிடமும் நடக்க வேண்டும் என்று ஜெபித்தார். 1860 மார்ச்சில் அது வந்தபோது யாரும் எதிர்பார்த்த வடிவில் வரவில்லை. ஆண்கள், பெண்கள், சிறு பிள்ளைகள் நடுங்கினார்கள், அழுதார்கள், மார்பில் அடித்துக்கொண்டு செய்த தவறுகளை எல்லோர் முன்பும் அறிக்கையிட்டார்கள். சிலர் தரிசனம் கண்டதாகச் சொன்னார்கள். சிலர் அந்நிய பாஷையில் பேசினார்கள். பெந்தெகொஸ்தே இயக்கத்தின் பிறப்பிடமாகக் கருதப்படும் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருக் கூட்டங்கள் 1906-இல் நடந்தவை. அதற்கு 46 ஆண்டுகளுக்கு முன் இதெல்லாம் ஒரு தமிழ்க் கிராமத்தில் நிகழ்ந்திருக்கிறது. உலகப் பெந்தெகொஸ்தே வரலாற்று நூல்களில் கிறிஸ்டியன்பேட்டை இன்னும் பெரிய இடம் பெற வேண்டும்.

ஆங்கிலேய மிஷனரிகள் இதைக் கண்டு இரண்டுபட்டார்கள். உடல் நடுக்கமும் தரிசனமும் அவர்களைக் கலங்கவைத்தன. ஆனால் சம்பளம் இல்லாமலே உள்ளூர் ஆட்கள் இருவர் இருவராகக் கிளம்பி ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்லப் போனதை அவர்களால் மறுக்க முடியவில்லை. வெளிநாட்டுப் பணம் நின்றால் இந்தியச் சபை நிற்குமா என்ற கேள்விக்கு 1860-லேயே பதில் ஒன்று எழுதப்பட்டுவிட்டது. அருளப்பன் 1867-இல் காலமானார். அவர் விட்டுச் சென்ற நாட்குறிப்புகளை ஆதாரமாகக் கொண்டு ஜி.ஹெச். லாங் 1939-இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த நாட்குறிப்புகள் இல்லாவிட்டால் இந்த வரலாறே மங்கிப் போயிருக்கும்.

ஜெபக்கூட்டம் இவ்வளவு வலிமை பெறுவது எதனால் என்பதற்கு கிறிஸ்டியன்பேட்டையிலேயே விளக்கம் கிடைக்கிறது. அக்காலத்து ஆங்கிலிக்கன், லுத்தரன் கோயில்களில் ஜெபப் புத்தகத்தில் அச்சிட்டதை ஐயர் வாசிப்பார். சபையார் உரிய இடத்தில் மறுமொழி சொல்வார்கள். அந்த முறைக்கென்று அழகும் ஒழுங்கும் உண்டு. ஆனால் எழுத்தறியாத கூலிக்காரருக்கும், வாய் திறந்து பழகாத பெண்ணுக்கும் அங்கே சொந்தமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜெபக்கூட்டத்தில் நிலைமை தலைகீழ். பாயில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருக்கும் யாரும் ஆவியானவர் ஏவினால் ஜெபிக்கலாம். உபதேசியாருக்கும் ஐயருக்கும் முன்னால் ஒரு விதவை தன் மொழியில் கடவுளோடு பேசுகிறாள். மற்றவர்கள் ஆமென் சொல்கிறார்கள். அப்படி ஒருமுறை பேசியவள் பிறகு வீட்டிலும் தெருவிலும் பேசாமல் இருப்பதில்லை. எழுப்புதலில் ஜெபத்தின் முதல் வேலை இதுதான்: ஊழியக்காரர்களின் கையில் இருந்த விசுவாசத்தை எல்லாருடைய கைக்கும் கொண்டுவருகிறது.

இரண்டாவது வேலை, பாவ அறிக்கை. பிறருக்காக நெடுநேரம் ஜெபிக்கிறவர், பேச்சுவார்த்தை இல்லாத சொந்தத் தம்பியின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்தே தீருவார். அங்கே ஜெபம் தடைப்படும், இல்லாவிட்டால் தம்பியின் வீட்டு வாசலுக்கு அவரை அனுப்பும். கடனைத் திருப்பிக் கொடுத்ததும், திருடியதை ஒப்படைத்ததும், பங்காளிச் சண்டை தீர்ந்ததும் எழுப்புதல் வரலாறுகளில் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவே காரணம்.

திசை தவறிய கதையும் தெற்கில் உண்டு. அருளப்பனின் இயக்கத்தின் தாக்கம் திருவிதாங்கூரை எட்டியது. 1873 தொடங்கி அங்கேயும் எழுப்புதல் பரவியது. தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான வித்துவான் குட்டி என்ற யுஸ்துஸ் யோசேப்பு அதன் தலைவர்களில் ஒருவர். பிறகு, இன்னும் ஆறு ஆண்டில், அதாவது 1881-இல், கிறிஸ்து திரும்பி வருவார் என்று அவரும் கூட்டாளிகளும் அறிவித்தார்கள். அந்த ஆண்டு வந்து போனது. ஆறாண்டுக் கட்சி என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. ஜெபத்தில் தோன்றியதையெல்லாம் வேதத்தோடும் சபையின் நிதானத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு, அன்பும் தாலந்தும் மிக்க ஒருவர் வாழ்விலேயே சான்று கிடைப்பது வருத்தமானது.

1904-இல் வேல்ஸ் நாட்டில் ஈவான் ராபர்ட்ஸ் என்ற பிரசங்கியின் காலத்து எழுப்புதல் கிளம்பியது. அடுத்த ஆண்டில் வடகிழக்கு இந்தியாவின் காசி மலை, பண்டித ராமாபாய் புனே அருகே கேட்காவில் நடத்திய முக்தி மிஷன், மிஷனரி ஏமி கார்மைக்கேல் இருந்த திருநெல்வேலி டோனாவூர் ஆகிய இடங்களிலும் எழுப்புதல் எழுந்தது. முக்தியில் ராமாபாய் 1905 தொடக்கத்தில் சிறு குழுவாகத் தொடங்கிய அன்றாட ஜெபம் சில மாதங்களில் பல நூறு பெண்களை இழுத்துக்கொண்டது. கைவிடப்பட்ட விதவைகளும் பஞ்சத்தில் தப்பிய சிறுமிகளும்தான் அங்கே ஜெபித்தவர்கள்.

சென்னையின் முறை 1930-களின் பிற்பகுதியில் வந்தது. பஞ்சாபில் 1903-இல் சீக்கியக் குடும்பத்தில் பிறந்த பக்த் சிங், லண்டனிலும் கனடாவிலும் பொறியியல் படித்தவர். கனடாவில் கிறிஸ்தவராகி 1933-இல் நாடு திரும்பினார். விசுவாசத்தை வெளியே சொல்லாமல் இருந்தால் வீட்டில் இருக்கலாம் என்று பெற்றோர் சொன்னதை ஏற்காமல், கையில் ஒன்றுமில்லாமல் தெருப்பிரசங்கியானார். 1937-இல் பஞ்சாபின் மார்ட்டின்பூரில் அவரது ஊழியத்தில் எழுப்புதல் நடந்தது. அதன் பிறகு சென்னைக்கு வந்தபோது பெருங்கூட்டம் திரண்டது. புதிதாக மனந்திரும்பியவர்களை எந்தச் சபைக்கு அனுப்புவது, எப்படி வளர்ப்பது என்ற கேள்வி அவர் முன் நின்றது.

அதற்கு விடை தேடி 1941-இல் அவரும் உடன் ஊழியர்களும் பல்லாவரம் மலைமேல் ஏறி ஓர் இரவு முழுவதும் ஜெபித்தார்கள். இன்று விமானங்கள் தாழ்ந்து பறக்கும் அந்த மலையிலிருந்து இறங்கியபோது, எந்த மேல்நாட்டு மிஷனையும் சாராத ஒரு சபையைத் தொடங்கும் தீர்மானத்தோடு இறங்கினார்கள். அவ்வாண்டே சென்னையில் யெகோவா ஷம்மா என்ற சபை தோன்றியது. டிசம்பரில் முதல் பரிசுத்த சபைகூடுதல் நடந்தது. லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்துப் பண்டிகைகளை முன்மாதிரியாகக் கொண்டு வைத்த பெயர் அது. பல நாள் சேர்ந்து தங்குதல், சேர்ந்து ஜெபித்தல், ஒரே பந்தியில் உண்ணுதல் ஆகியவை அதன் முறை. 1950-இல் ஹைதராபாத்தில் எபிரோன் மையம் உருவான பின் இந்தச் சபைகள் நாடெங்கும் பரவின.

பக்த் சிங்கின் கூட்டங்களில் செருப்பு வாசலில் கிடக்கும். ஆண்களும் பெண்களும் தனித்தனியே பாயில் உட்காருவார்கள். ஆராதனை மணிக்கணக்கில் நீளும்; எவரும் எழுந்து ஜெபிக்கலாம். வேத வசனம் எழுதிய அட்டைகளை ஏந்தித் தெருக்களில் ஊர்வலம் போவார்கள். வெள்ளைக்காரரின் சமயம் என்ற பேச்சுக்கு இடம் வைக்காத இந்தியத் தோற்றம் அது. சுதந்திரத்துக்கு ஆறு ஆண்டு முன்பே சென்னையில் இது நடந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உள்ளிட்ட சபைகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபையாக மலர்ந்தது 1947 செப்டம்பர் 27 அன்று கதீட்ரல் சாலை புனித ஜார்ஜ் பேராலயத்தில். ஒன்று நிறுவனங்களின் வழி, மற்றது ஜெபக்கூட்டத்தின் வழி. சொந்தக் காலில் நிற்கும் இந்தியச் சபை என்ற ஒரே இலக்கை இரண்டும் நோக்கின.

ஜெபம் எப்படிச் செயலாகிறது என்பதற்குத் தமிழ்நாட்டின் தெளிவான உதாரணம் நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு. 1950-களின் இறுதியில் விடுமுறை வேதாகமப் பள்ளி ஊழியத்தில் மனந்திரும்பிய தமிழ் இளைஞர்கள், வட இந்தியாவுக்காக ஜெபிக்கக் குழுக்களாகக் கூடினார்கள். அனுப்ப ஆள் தாரும் என்று ஜெபித்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் தாங்களே போக வேண்டியிருக்கும். 1967-இல் அவர்களின் முதல் மிஷனரி தமிழ்நாட்டிலேயே உள்ள பெரியமலைக்குச் சென்றார். பின்னர் குஜராத்தின் டாங்ஸ், ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலை என்று பணி விரிந்தது. நோயால் அருகிக்கொண்டிருந்த மால்டோ பழங்குடியினரிடையே பள்ளியும் மருத்துவமும் கொண்டுசென்றார்கள். செலவைத் தாங்கியவர்கள் ஊரூராக இருந்த ஜெபக்குழுவினரே. மிஷனரி சங்கமாக வளர்ந்த பிறகும் பெயரில் ஜெபக்குழு என்பதை அவர்கள் மாற்றவில்லை.

தென் சென்னையில் இன்று ஜெப வாழ்வு பல வடிவங்களில் இருக்கிறது. சின்னமலை அருகே, சைதாப்பேட்டையில் உள்ள புதுவாழ்வு அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபை 1973-இல் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு தொடங்கி, நாட்டின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றாக வளர்ந்தது. ஞாயிறு ஆராதனையை விட, நகரெங்கும் வீடுகளில் கூடும் சிறு குழுக்களே அதன் முதுகெலும்பு. இந்த வீட்டுக்குழு முறையிலும் அதிகாலை ஜெபத்திலும் கொரியச் சபைகளின் செல்வாக்கு தெரிகிறது. 1907-இல் பியோங்யாங் எழுப்புதலோடு வேரூன்றிய விடியற்கால ஜெபம் அங்கே இன்றும் தொடர்கிறது. தாம்பரம் அருகே இரும்புலியூரில் தி பெந்தெகொஸ்தல் மிஷனின் தலைமையகம் உள்ளது. 1920-களில் இலங்கையில் பாஸ்டர் பால் தொடங்கிய சபை அது. வெள்ளுடை அணிந்த துறவு ஊழியர்களும் காத்திருப்புக் கூட்டங்களும் அதன் அடையாளம்.

ராஜா அண்ணாமலைபுரத்தில், முன்னாள் வங்கி அலுவலர் டி.ஜி.எஸ். தினகரன் உருவாக்கிய இயேசு அழைக்கிறார் ஊழியத்தின் ஜெபக் கோபுரம் இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் தொலைபேசியில் ஜெப உதவி என்ற முறையை அது தமிழகமெங்கும் பரிச்சயமாக்கியது. வேலை, திருமணம், நோய், கடன் என்று மக்கள் அங்கே கொண்டுபோவது பெரும்பாலும் தனிப்பட்ட பாரங்கள். எழுப்புதலுக்கான ஜெபமும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் தன் மகனின் காய்ச்சலுக்காக ஜெபிக்கத் தொடங்காத தாய் யாரும் ஊருக்காக ஜெபிப்பதில்லை.

கத்தோலிக்கரிடம் பாதை வேறு. சாந்தோம் பேராலயத்தில் தோமாவின் கல்லறை முன்பும், லஸ் பிரகாச மாதா கோயிலிலும், பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்திலும் செபமாலையும் நவநாளும் நற்கருணை ஆராதனையும் நூற்றாண்டுகளின் பழக்கத்தில் ஊறியவை. ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகரில் கூடும் கூட்டத்தில் பிற சமயத்தாரும் ஏராளம். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு திருப்பலி தமிழில் ஒலித்தது. 1967-இல் அமெரிக்காவின் டியூக்கேன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அருங்கொடை இயக்கம் பின்னர் இங்கும் பரவி, பங்குகளில் செபக்குழுக்களை உண்டாக்கியது. மந்தைவெளி மாதா கோயில் தெருவில் இயேசு சபையின் தியான ஆசிரமம், இதற்கு நேர்மாறாக, பேசாமல் இருந்து செபிக்கும் இஞ்ஞாசியாரின் முறையைக் கற்றுத்தருகிறது.

ஒவ்வொரு டிசம்பர் 31 இரவும் நகரின் எல்லாக் கோயில்களும் நிரம்பி வழிகின்றன. மொராவியரிடமிருந்து மெதடிஸ்டுகள் வழியாக வந்த அந்த விழிப்பு ஆராதனை தமிழ்க் கிறிஸ்தவரின் பெரிய திருநாளாகிவிட்டது. நள்ளிரவில் வாக்குத்தத்த வசன அட்டை வாங்க நீளும் கைகளின் எண்ணிக்கைக்கும், வாரநாள் ஜெபக்கூட்டத்துக்கு வருவோரின் எண்ணிக்கைக்கும் உள்ள தூரத்தை எந்த ஐயரும் அறிவார். அந்த வாரநாள் கூட்டத்தைத் தாங்குகிறவர்கள் பெண்கள். இப்போது மார்ச் முதல் வெள்ளியன்று வரும் உலக ஜெப நாளை 1927 முதல் நடத்திவருவதும் பெண்களே. இவ்வளவுக்கும், பல சபைகளில் அவர்கள் பிரசங்க மேடையில் ஏற இன்னும் அனுமதியில்லை. இது நியாயமல்ல.

எழுப்புதலை அளக்க அழுகையும் கூட்டமும் போதா. அருளப்பனை மதிப்பிட வேண்டியது அவரது கூட்டங்களில் நடுங்கியவர்களைக் கொண்டல்ல, சம்பளமில்லாமல் நடந்தவர்களைக் கொண்டு. தமிழகச் சபைகள் இன்னும் தேறாத பாடம் சாதி. கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833-இல் சபைக்குள் சாதி கூடாது என்று ஆணையிட்டார். அதன் பின் எத்தனையோ எழுப்புதல்கள் வந்து போயின. ஆனாலும் பெண் கொடுப்பதிலும் கல்லறைத் தோட்டத்திலும் திருமண்டலத் தேர்தலிலும் சாதி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அருகில் முழங்காலிட்டு ஜெபிப்பவரின் வீட்டில் சம்பந்தம் வைக்கத் தயங்கும் சபை, எத்தனை முழு இரவு விழித்திருந்தாலும், எழுப்புதல் அடைந்த சபை அல்ல.